பட்டறையைப் பார்த்துச் செய்த பட்டறை

பல்செட் செய்கிறவர்களுக்கு ஒரு சாபம் உண்டு. வேலை சுமாராக இருந்தால் ஊருக்கே தெரிந்துவிடும். பிரமாதமாக இருந்தால் ஒருத்தருக்கும் தெரியாது. போட்டுக்கொண்டவர் சொல்லமாட்டார், அவர் வீட்டிலும் சொல்லமாட்டார்கள். "உங்க பல்லு எவ்வளவு வரிசையா இருக்கு!" என்று யாராவது கேட்டால், ஏதோ பிறக்கும்போதே அப்படித்தான் பிறந்தவர் மாதிரி ஒரு சிரிப்புச் சிரித்துவிட்டு நகர்ந்துவிடுவார்.

பல்லம்மா இருபத்தெட்டு வருடமாக இந்தச் சாபத்தோடுதான் குடித்தனம் நடத்தினாள். பல்லம்மா என்பது தெரு வைத்த பெயர். பல் டாக்டர்கள் அச்செடுத்து அனுப்புவார்கள். அவள் வீட்டின் பின்னறையில் உட்கார்ந்து மெழுகும் மாவும் சாயமுமாகக் குழைத்துப் பல் கட்டித் திருப்பி அனுப்புவாள். காபிக் கறை படிந்த வாய்க்குப் பளீரென்ற பல் பொருந்தாது என்று, புதுப் பல்லுக்கும் லேசாகப் பழுப்பு ஏற்றுவாள். புதுசைப் பழசாக்குவதில் அவளை மிஞ்ச ஆளில்லை. ஆனால் அவள் செய்தது என்று பெயர் போட்டு உலகத்தில் ஒரு பொருள்கூடக் கிடையாது. அது அவளை உறுத்தியது. வெளியே சொன்னால் சின்னத்தனமாக இருக்கும் என்று சொல்லாமல் இருந்தாளே தவிர, நன்றாகவே உறுத்தியது.

அப்போதுதான் நகர மண்டபத்தில் நடக்கிற சின்ன மாதிரிகளின் கண்காட்சிக்கு நோட்டீஸ் வந்தது. அதில் 'உள்ளது உள்ளபடி' என்று ஒரு பிரிவு. உண்மையில் இருக்கிற ஓர் இடத்தைச் சின்ன அளவில் அப்படியே செய்யவேண்டும். நடுவர் நேரில் வந்து மாதிரியையும் அசலையும் ஒப்பிடுவார். ஒரு வித்தியாசத்துக்கு ஒரு மதிப்பெண் போய்விடும். நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து வாங்கினால் மண்டபத்தில் ஒரு மேஜை, மேஜைமேல் ஓர் அட்டை, அட்டையில் 'செய்தவர்' என்று போட்டு முழுப் பெயர். அந்தச் 'செய்தவர்' என்ற ஒரு வார்த்தையைப் படித்ததும் பல்லம்மாவுக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை.

எதைச் செய்வது என்று யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. வீட்டுக்குப் பின்னால், முற்றத்தைத் தாண்டினால் புருஷனுடைய லேத் பட்டறை. லேத்துக்காரருக்கு ஐம்பத்தைந்து வயது. அவருடைய லேத் அவரைவிட மூத்தது. உள்ளே இருக்கிற தூசி இரண்டுபேரையும்விட மூத்தது. இருபத்துநாலு அடி நீளம், பதினைந்து அடி அகலம், பன்னிரண்டு அடி உயரம், அவ்வளவு இடத்திலும் கால் வைக்க இடம் கிடையாது. கையால் எட்டுகிற தூரத்தில் எது கிடைக்கிறதோ அதுதான் அவருக்கு ஒழுங்கு.

ஆறில் ஒரு பங்கு என்று அளவு வைத்தாள். ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினொன்று நாற்பதுக்குப் பட்டறை எப்படி இருந்ததோ அதுதான் கணக்கு என்று தீர்மானித்து, "அப்படியே கையத் தூக்கிட்டு வெளிய வாங்க" என்று புருஷனை வெளியேற்றிவிட்டு முந்நூறு போட்டோ எடுத்தாள். வேலை முடிந்ததும் எல்லாம் அந்தச் செவ்வாய்க்கிழமைக்கே திரும்பிவிடவேண்டும் என்று அவருக்கு உத்தரவு. பிறகு எட்டு மாதம். சுவர்களைப் பல் அச்சு வார்க்கிற மாவில் வார்த்தாள். சுத்தியல் பிடிகளைப் பல்செட் அரத்தால் ராவினாள். ஈறுக்குப் போடுகிற சிவப்புச் சாயத்தில் கந்தல்துணியை முக்கி, லேத்தின்மேல் கிடக்கும் துடைப்புத்துணியைச் செய்தாள். லேத்திலிருந்து விழும் இரும்புச் சுருள்களுக்கு, பல்லில் கட்டுகிற மெல்லிய கம்பியை ஊசியில் சுற்றிச் சுற்றி எடுத்தாள். மொத்தம் இருநூற்றுப் பதினாறு சுருள். எண்ணிப் போட்டாள், ஏனென்றால் அசலையும் எண்ணியிருந்தாள். பாதி குடித்து மறந்த டீ டம்ளர் ஒன்று, அதன்மேல் படிந்த ஆடை உட்பட.

லேத்துக்காரர் முதலில் கிண்டல்தான் செய்தார். "பொம்மை வீடு கட்டுற வயசா இது?" என்றார். பிறகு ஒருநாள் பதினாலாம் நம்பர் ஸ்பேனரைக் காணோம். பட்டறையில் அரைமணி நேரம் தேடிவிட்டு, சும்மா பின்னறைக்கு வந்து மாதிரிக்குள் எட்டிப் பார்த்தார். ட்ரில் மிஷினுக்குப் பின்னால், கிரீஸ் டப்பாவுக்கு அடியில், விரல்கணு நீளத்துக்கு ஒரு ஸ்பேனர் எட்டிப் பார்த்தது. ஓடினார். அங்கேயே இருந்தது! அன்றிலிருந்து எதைத் தொலைத்தாலும் நேரே மாதிரிக்குத்தான் வருவார். குனிந்து பார்ப்பார், "ம்" என்பார், போய்விடுவார். பல்லம்மாவுக்கு அந்த "ம்" போதவில்லை என்றாலும் கொஞ்சம் இனித்தது.

நடுவர் வருகிற நாளும் குறித்தாகிவிட்டது. திங்கட்கிழமை, மதியம் மூன்று மணி.

முந்தின நாள் ஞாயிற்றுக்கிழமை ஒரு டாக்டரிடமிருந்து அவசரம் என்று ஆள் வந்தது. யாரோ ஒரு பெரியவர் தும்மியதில் பல்செட் மூன்றாம் மாடியிலிருந்து கீழே போய்விட்டதாம். மறுநாள் அவர் மேடையில் பேசவேண்டுமாம். பல்லம்மா நாள் முழுக்க டாக்டர் வீட்டிலேயே உட்கார்ந்து ஒட்டவைத்துக் கொடுத்துவிட்டு, இருட்டுமுன் வந்து, அலுப்பில் படுத்துவிட்டாள்.

திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு, ஒருமுறை சும்மா பார்த்துவிட்டு வரலாம் என்று முற்றத்தைத் தாண்டினாள். ஷட்டர் திறந்திருந்தது. உள்ளே அவளுக்குத் தெரியாத ஓர் இடம் இருந்தது.

சுவர்கள் வெள்ளை வெளேரென்று இருந்தன. தரை கழுவியிருந்தது. ஸ்பேனர்கள் சின்னதிலிருந்து பெரியது வரை ஆணியில் வரிசையாகத் தொங்கின. லேத் எண்ணெய் தேய்த்துக் குளித்ததுபோல் பளபளத்தது. டீ டம்ளரைக் காணோம். ஜன்னலில் கண்ணாடி இருக்கிறது என்பதே இன்றுதான் தெரிந்தது. நடுவில் அவள் புருஷனும் அவருடைய அக்காவும் விளக்குமாறும் கையுமாக நின்று, பாராட்டை எதிர்பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

"பெரிய மனுஷன் வர்றாரு," என்றார் லேத்துக்காரர். "உனக்கு ஒரு கௌரவமா இருக்கட்டுமேன்னு..."

"நேத்து பூரா ரெண்டு பேரும் ஒரு வாய் தண்ணி குடிக்கலம்மா," என்றாள் நாத்தனார். "முப்பது வருஷமா இந்தக் குப்பைய அள்ளணும்னு எனக்கு வெறி. இப்பத்தான் விட்டான்."

பல்லம்மா ஆணியில் தொங்கிய ஸ்பேனர்களைப் பார்த்தாள், லேத்தின் அடியைப் பார்த்தாள். போட்டியே இந்தப் பட்டறையும் அந்தப் பட்டறையும் ஒன்றுபோல இருக்கவேண்டும் என்பதுதான் என்பது லேத்துக்காரருக்குத் தெரியாதா? தெரியும். நன்றாகத் தெரியும். விருந்தாளி வருகிறார் என்றால் பெருக்கி வைக்கவேண்டும் என்பதும் தெரியும். இரண்டும் ஒரே தலைக்குள் தனித்தனி அறையில் இருந்திருக்கின்றன, அவ்வளவுதான். மனைவியின் முகத்தைப் பார்த்ததும் நடுச்சுவர் இடிந்து இரண்டும் சந்தித்துக்கொண்டன.

"ஐயையோ," என்றார்.

"வித்தியாசம் ஒண்ணுக்கு ஒரு மார்க்குங்க," என்றாள் பல்லம்மா. "சுருள் மட்டுமே இருநூத்திப் பதினாறு. எனக்கு மைனஸ்லதான் மார்க் வரும்."

சொல்லும்போதே சிரிப்பு வந்துவிட்டது, அழுகையும் வந்துவிட்டது, இரண்டும் மூக்கு வழியாக ஒன்றாக வந்தன. லேத்துக்காரர் செய்வதறியாமல் அவள் முதுகில் தட்டினார். "குப்பைக்காரன் இன்னும் வரல. எல்லாம் பின்னாடி மூட்டையிலதான் கெடக்கு. பதினோரு மூட்டை."

பல்லம்மா மூக்கைத் துடைத்தாள். மணி ஒன்பது பத்து. கிட்டத்தட்ட ஆறு மணி நேரம் இருந்தது. "மாதிரியத் தூக்கிட்டு வாங்க," என்றாள். "அதப் பார்த்துத்தான் இதச் செய்யணும்."

மாதிரியை மேஜைப்பலகையோடு தூக்கி வந்து பட்டறையின் நடுவில் வைத்தார்கள். நாலடிப் பட்டறைக்குள் எட்டிப் பார்ப்பதும், இருபத்துநாலு அடிப் பட்டறையில் ஓடிப்போய் வைப்பதுமாக வேலை தொடங்கியது. மூட்டைகளைப் பிரித்தார்கள். "ரம்பம், மேல மூணாவது ஆணி, பல்லு செவுத்தப் பாத்து!" என்று பல்லம்மா கத்துவாள். "வெச்சாச்சு!" "சாய்வு பத்தல!" "இப்ப?" "இன்னும் கொஞ்சம் அலட்சியமா வைங்க!" வாழ்நாள் முழுக்க அலட்சியமாகவே வைத்துப் பழகிய மனுஷனுக்கு, வேண்டுமென்றே அலட்சியமாக வைக்க வரவில்லை. ஒரு கந்தல்துணியை ஏழுதரம் வீசினார். எட்டாவது தரம் கோபத்தில் எறிந்தார், அச்சாக விழுந்தது.

சுவர்தான் பெரிய கண்டம். மாதிரிச் சுவருக்கு டீ டிகாஷனில் கரி கரைத்து இரண்டு டம்ளர் பூசியிருந்தாள்.

"ஆறு மடங்குன்னா பன்னெண்டு டம்ளர்," என்றார் லேத்துக்காரர்.

"நீளத்துக்கு ஆறு, உயரத்துக்கு ஆறு. எழுபத்திரண்டு டம்ளர்."

நாத்தனார் நெஞ்சில் கைவைத்தாள். தண்ணீர் அண்டாவை அடுப்பிலேற்றி, வீட்டிலிருந்த டீத்தூள் முழுவதையும் கொட்டி, ஒரு பட்டாளத்துக்குப் போடுவதுபோல் டீ போட்டாள். முந்தின நாள் தன் கையால் வெள்ளையடித்த சுவரில் முதல் துடைப்பத்தை வீசும்போது அவள் கண்ணில் நிஜமாகவே தண்ணீர். இரண்டாவது வீச்சில் உதட்டைக் கடித்துக்கொண்டாள். நாலாவது வீச்சில் "இது கொஞ்சம் நல்லாத்தான் இருக்கு" என்றாள். பத்து நிமிஷம் கழித்துப் பார்த்தால், சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, பழைய ஆயில் டப்பாவில் கையை முழங்கைவரை விட்டு, "எங்க வேணும்? இங்கயா? இந்தா! இந்தா!" என்று விசிறியடித்துக்கொண்டிருந்தாள். அறுபது வருடம் துடைத்தே வாழ்ந்தவள். ஊருக்குத் தெரியாமல் அவளுக்குள் இப்படி ஒருத்தி இருந்திருக்கிறாள்.

"அண்ணி, போதும், போதும்! மாதிரியில அவ்வளவு இல்ல!"

"இரும்மா, இந்த மூலை ஒண்ணு."

சட்டென்று நாத்தனார் நின்றாள். ஆயில் கையால் மாதிரியைக் காட்டினாள். "ஆமா, இப்ப இது பட்டறைக்குள்ள இருக்குல்ல? அப்ப இதுக்குள்ளயும் இது ஒண்ணு இருக்கணும்ல? அதுக்குள்ளயும் ஒண்ணு?"

"அண்ணி, எனக்குத் தலை சுத்துது. பேசாம சாம்பலத் தூவுங்க."

லேத்துக்காரர் லேத்தை ஓட்டி இருநூற்றுப் பதினாறு சுருள் உருவினார். மேலே நாலு சுருள் வந்துவிட்டது என்று, திருட்டுச் சாமானை ஒளிப்பதுபோல் பாக்கெட்டில் போட்டுக்கொண்டார். ஒன்றரை மணிக்கு டீ டம்ளரை வைத்து, பால் ஊற்றி, ஆடை படியும்வரை மூன்றுபேரும் சுற்றி நின்று மூச்சுவிடாமல் பார்த்தார்கள். ஆடை படிந்தது. கைதட்டினார்கள். கிரைண்டர் பக்கத்துச் சுவர் ஒன்றுதான் பாக்கி. அதை லேத்துக்காரரே பூதக்கண்ணாடியோடு போய்ப் பார்த்துப் பார்த்துச் செய்தார். பல்லம்மா அந்தப் பக்கம் போகவில்லை; அவளுக்கு ஜன்னல் கண்ணாடியை அழுக்காக்க வேண்டியிருந்தது.

மூன்று மணிக்கு இரண்டு நிமிஷம் இருக்கையில் மாதிரியைத் தூக்கிக்கொண்டுபோய்ப் பின்னறையில் வைத்துவிட்டு, மூன்றுபேரும் தலையிலிருந்து கால்வரை கரியும் டீயுமாக வாசலில் வரிசையாக நின்றார்கள்.

நடுவர் ஓய்வுபெற்ற சர்வேயர். ஒல்லி. சட்டைப்பையில் ஸ்டீல் ஸ்கேல், கையில் டேப். இவர்கள் மூன்றுபேரையும் ஏற இறங்கப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. பின்னறையில் மாதிரியின்முன் கால்மணி நேரம் குனிந்தே நின்றார். பிறகு பட்டறைக்கு வந்தார். அளந்தார். திரும்பப் பின்னறைக்குப் போனார். மறுபடி வந்தார். ஸ்பேனர்களை எண்ணினார். டீ டம்ளரை மோந்து பார்த்தார். கடைசியாக லேத்தின் அடியில் குத்தவைத்துச் சுருள்களை எண்ண ஆரம்பித்தபோது, பல்லம்மா புருஷனின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இருநூத்திப் பதினாறு," என்று சொல்லி எழுந்தார் நடுவர். பேனாவைத் திறந்தார். "எந்த வித்தியாசமும்..."

"அண்ணே! நட்டு கெடைக்குமா?"

தினமும் நட்டு போல்ட்டுக்கு வருகிற லாரி டிரைவர். யாரையும் பார்க்காமல் உள்ளே வந்தார். திரும்பிக்கூடப் பார்க்காமல் பெஞ்சுக்கு அடியில் கையைவிட்டு, தான் வழக்கமாக உட்காரும் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "நேத்து உங்கக்கா வந்து பட்டறைய அலசித் தள்ளிட்டாங்கன்னு தெருவே பேசுச்சு. ஒரு மண்ணும் மாறல!"

நடுவரின் பேனா அந்தரத்தில் நின்றது. லேத்துக்காரர் டிரைவரைப் பார்த்த பார்வையில் லாரியே பற்றி எரிந்திருக்கவேண்டும்.

பல்லம்மாவுக்கு ஒரு கணம்தான். ஒன்றும் இல்லை சார், சும்மா பெருக்கினோம் என்று சொல்லிவிடலாம். அட்டை கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. ஆனால் அந்த அட்டையில் 'செய்தவர்' என்று போட்டிருக்கும். எதைச் செய்தவர்?

"சார்," என்றாள். "நேத்து இவங்க கழுவிட்டாங்க சார். வெள்ளையடிச்சுட்டாங்க. இன்னிக்குக் காலையில மாதிரியப் பார்த்து நாங்க மறுபடி அழுக்காக்கினோம். அது இதோட நகல் இல்ல சார். இப்ப இதுதான் அதோட நகல்."

நடுவர் டிரைவர் பக்கம் திரும்பினார். "நீங்க தெனமும் வர்றவரா?"

"பதினஞ்சு வருஷமா."

"நல்லாப் பாத்துச் சொல்லுங்க. கழுவறதுக்கு முன்னாடி இப்படித்தான் இருந்துச்சா?"

டிரைவருக்கு இப்படியொரு மரியாதை வாழ்க்கையில் கிடைத்ததில்லை. எழுந்து, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, மெதுவாக ஒரு சுற்று வந்தார். "அச்சு அசல் இதேதான் சார். அந்த ஓட்டை டப்பா, அந்த ரம்பம், எல்லாம்." கிரைண்டர் பக்கத்தில் நின்றார். "இது மட்டும் புதுசு. இது என்னது?"

எல்லோரும் போய்ப் பார்த்தார்கள். கிரைண்டருக்கு மேலே சுவரில், கரியில், சாசர் அளவுக்கு ஒரு பெருவிரல் ரேகை. சுழி சுழியாக, கோடு கோடாக, அவ்வளவு சுத்தமாக வரைந்திருந்தது. அந்தச் சுவரில் கைவைக்க ஒரு ராட்சசன் வந்துபோன மாதிரி இருந்தது.

நடுவர் ஸ்கேலை வைத்தார். பன்னிரண்டு சென்டிமீட்டர். விறுவிறுவென்று பின்னறைக்குப் போனார். எல்லோரும் பின்னாலேயே ஓடினார்கள். மாதிரியின் சுவரில், கிரைண்டருக்கு மேலே, இரண்டு சென்டிமீட்டரில் ஒரு ரேகை. எப்போதோ கரி காயுமுன் பட்டிருக்கிறது. எட்டு மாதத்தில் அவள் கண்ணில் படவே இல்லை.

"கையக் குடுங்கம்மா," என்றார் நடுவர். அவள் பெருவிரலை நீட்டினாள். பொருந்தியது.

பல்லம்மா மெல்லப் புருஷன் பக்கம் திரும்பினாள். "இது நான் தெரியாம வெச்ச கைங்க! இத எதுக்கு வரைஞ்சீங்க?"

லேத்துக்காரர் திருதிருவென்று விழித்தார். "எனக்கென்ன தெரியும்? நீ எதையும் சும்மா வெச்சிருக்கமாட்டேன்னு நெனச்சேன். ஒவ்வொரு வரியா எண்ணிப் போட்டேன். ஒரு மணி நேரம் ஆச்சு."

அந்த "ம்" போதவில்லை என்று இருந்தாளே, அது அப்போது போதும் என்று ஆயிற்று. அவர் சட்டைக் கரியைத் தட்டிவிட்டாள். இன்னும் நன்றாக அப்பிக்கொண்டது.

அப்போதுதான் ஒரு விநோதமான சத்தம் கேட்டது. நடுவர் சிரித்துக்கொண்டிருந்தார். வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்க, கடைசியில் ஸ்டூலைப் பிடித்து உட்கார்ந்தே விட்டார்.

"முப்பத்தோரு வருஷம் நெலத்த அளந்து படம் வரைஞ்சேன்," என்றார் கண்ணைத் துடைத்தபடி. "படம் சரியா இருக்கணும்னு நெலத்த மாத்துனவங்கள இன்னிக்குத்தான் பாக்குறேன்." பேனாவை எடுத்தார். "அசல்ல இல்லாத ஒரு கைரேகை மாதிரியில இருக்கு. வித்தியாசம் ஒண்ணு. தொண்ணூத்தொம்பது. அட்டையில போட முழுப் பேரச் சொல்லுங்கம்மா."

அவள் சொன்னாள். வாய் குழறிப்போய், இரண்டு தடவை சொல்லவேண்டியிருந்தது. நாத்தனார் அந்த ஆயில் கையோடேயே அவளைக் கட்டிக்கொண்டாள். லேத்துக்காரர் பாக்கெட்டிலிருந்த நாலு சுருளையும் எடுத்து வானத்தில் வீசினார். டிரைவர் மட்டும், "அப்ப நட்டு?" என்றார்.

மாதிரி மண்டபத்துக்குப் போன மறுநாளே நாத்தனார் வாளியோடு வந்துவிட்டாள். பட்டறை மறுபடியும் வெள்ளையாயிற்று. கிரைண்டருக்கு மேலே அந்தச் சாசரளவு இடத்தை மட்டும் யாரையும் தொடவிடவில்லை லேத்துக்காரர். சுற்றிலும் நூல் பிடித்து, தூரிகை படாமல் வெள்ளையடித்தார். வருகிறவர்கள் எல்லோரும் அது யாருடைய விரல் என்று கேட்கிறார்கள். அவரும் ஒருதரம்கூடச் சலிக்காமல் முழுப் பெயரையும் சொல்லி, "என் பொண்டாட்டியோடது" என்கிறார். கேட்டுவிட்டு வாய்விட்டுச் சிரிக்கிறவர்களில் பாதிப்பேருடைய பல்லும் அவள் செய்ததுதான். அதை மட்டும் இன்னும் யாரும் சொல்வதில்லை.